இடது மூலைக்குப் போட்ட பந்து

உன்னைத் திருப்பதி ஆட்டத்தில் இறக்காமல் வெளியே நிறுத்தியது அநியாயம். இதை முதலில் எழுதிவிடுகிறேன். மற்றதையெல்லாம் எழுதிக்கொண்டு போகும்போது மனம் இளகி, "போகட்டும், அந்தக் காலம் அப்படி" என்று எழுதிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. காலத்தின் மேல் பழியைப் போட நான் தயாராக இல்லை. செய்தவர்கள் மனிதர்கள்.

காலையில் வாங்கிவந்த வெல்லத்தை டப்பாவில் போட மறந்துவிட்டேன். மதியம் பார்த்தால் சமையல் மேடை முழுக்க எறும்புச் சாரை. துடைக்கத் துணியோடு வந்தவன் அப்படியே நின்றுவிட்டேன். நம் பந்து வைத்திருந்த அறைக்குள் ஒருநாள் இப்படித்தான் எறும்பு போனது. டிரில் மாஸ்டர் வாசலில் நின்று, "எவன்டா பந்துக்குப் பொங்கல் வச்சது?" என்று கத்தினார். மண்டியில் பகலெல்லாம் வெல்லம் எடைபோட்டுவிட்டு, கையைச் சரியாகக் கழுவாமல் ஆட ஓடிவருகிறவன் நீ ஒருவன்தான். "எறும்புக்குக்கூட நம்ம டீம் புடிச்சிப்போச்சி மாஸ்டர்" என்றாய். அவரும் சிரித்துவிட்டார்.

இந்த வீட்டில் இப்போது இதைச் சொல்லிச் சிரிக்க ஆளில்லை. வீட்டுக்காரி போய்ச் சேர்ந்துவிட்டாள். பிள்ளைகள் பெங்களூரில். எறும்பைத் துடைக்காமல் உட்கார்ந்து உனக்கு எழுதுகிறேன்.

நீ வருவதற்கு முன்னால் டிரில் மாஸ்டர் என்னால் பட்ட பாடு உனக்கு முழுதாகத் தெரியாது. சித்தூரில் எங்கள் திருச்சபைப் பள்ளிக்கூடத்து மண் மைதானத்தில் சாயங்காலம் ஊர் இளவட்டங்கள் கூடைப்பந்து ஆடுவோம். எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. எந்த இடத்தில் பந்து எழும்பும், எந்தப் பள்ளத்தில் விழுந்தால் எழாது என்பதைத் தனியாகத் தட்டித் தட்டித் தெரிந்துகொண்டவன் நான். ஆகவே பந்து என் கையில்தான் இருக்க வேண்டும் என்பது என் கட்சி. இன்றைக்கும் அதுதான். பின்னால் நின்று ஆட்டத்தை நடத்த இரண்டு பேர், கார்டு என்போம். ஒருவன் நான். என் பக்கத்தில் இன்னொருவனாக யாரை நிறுத்தினாலும் தங்கவில்லை.

முதலில் வந்தவன் என்னைவிட வேகம். இரண்டு பேரும் ஒரே பந்துக்கு ஓடி மோதிக்கொண்டோம். அடுத்தவன் எங்கிருந்து எறிந்தாலும் கூடையில் போடுவான். ஆனால் பந்து தன்னிடம் வரவே இல்லை என்று கோபித்துக்கொண்டு ஒருநாள் ஆட்டத்தின் நடுவே மைதானத்திலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டான். மாஸ்டர் என் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"ஏமிரா, உனக்குப் பொண்ணு பாத்துடலாம். ஜோடி பாக்கறது நா வல்ல காதுரா, என்னால ஆவாது. பந்தக் கொஞ்சம் வுட்டுத்தான் குடேன்."

"வுட்டா ஜெயிப்பமா மாஸ்டர்?"

அவர் என் தோளை விட்டுவிட்டு விசிலை ஊதினார்.

நீ ஹாஸ்டல் சமையலுக்கு வெல்லம் இறக்க வந்தவன். வண்டி போன பிறகும் சுவரோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாய். பள்ளிப்பட்டுப் பக்கத்துக் கிராமம், மண்டியில் வேலை, மண்டிக்குப் பின்னாலேயே படுக்கை என்பதெல்லாம் பிறகு தெரிந்தது. ஒருநாள் ஆள் குறைந்தபோது மாஸ்டர் கையைக் காட்டிக் கூப்பிட்டார். அன்று முழுக்க நான் உனக்கு ஒரு பந்துகூடக் கொடுக்கவில்லை. வேண்டுமென்றேதான் கொடுக்கவில்லை. மற்றவர்கள் தொண்டை கிழிய "இங்க போடு" என்று கத்துவார்கள். நீ வாயே திறக்கவில்லை. எதிரணியில் யார் பலசாலியோ அவனைப் போய்ப் பிடித்துக்கொண்டாய். அவனைத் தடுக்கும் வேலை எனக்கு இல்லாமல் போனது. முதல் முறையாக ஆட்டத்தின் கடைசிவரை எனக்கு மூச்சு மிச்சமிருந்தது.

கடைசியில் வலது பக்கம் இரண்டு பேர் என்னைச் சேர்த்து அடைத்தார்கள். திரும்பினேன். இடது மூலையில் நீ நின்றிருந்தாய், இரண்டு கையையும் நெஞ்சுக்கு நேராக வைத்துக்கொண்டு. போட்டேன். நீ எறிந்தது வளையத்தில் முட்டி, யோசித்து, உள்ளே விழுந்தது.

"ஏன்டா பந்தே கேக்கல?" என்று குழாயடியில் கேட்டேன்.

"கேட்டா குடுத்துடுவியா? நீ மாட்டிக்கினா தானா வரும்."

யாரும் என்னை அவ்வளவு சரியாகப் புரிந்துகொண்டதில்லை. பந்தை விடாதவனுக்குப் பந்தைக் கேட்கிறவன் ஜோடி ஆக மாட்டான். அவன் எங்கே மாட்டுவான் என்று அவனுக்கு முன்னால் தெரிந்துகொண்டு, அதற்கு எதிர்ப்பக்கம் போய் நிற்கிறவன்தான் ஜோடி. நீ நின்றாய். நாம் சேர்ந்து ஆடிய வருஷங்களில் எல்லாரும் என் பெயரைச் சொல்லிக் கைதட்டினார்கள். உனக்கு அது ஒரு பொருட்டாகவே இல்லை. எனக்குத்தான் உறுத்தியது.

ஆந்திரா தனி மாநிலமாகிச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. சித்தூர் ஜில்லாவில் எது இங்கே நிற்கும், எது மெட்ராஸுக்குப் போகும் என்று டீக்கடையெல்லாம் அதே பேச்சு. உன்னைக் கேட்டால், "எங்க ஊரு எங்கயும் போவாதுடா. பஸ்ஸு போர்டு மாறும், அவ்ளோதான்" என்பாய். கடைசியில் எல்லை முடிவானது. பக்கத்துப் பாலசமுத்திரம் ஆந்திராவில் நின்றது. உன் ஊர் மெட்ராஸ் பக்கம் போனது. நீ அடுத்த நாளும் மண்டிக்கு வந்து வெல்லம் எடைபோட்டாய். சாயங்காலம் ஆட வந்தாய். எனக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை.

அணிக் கமிட்டியின் காரியதரிசிக்குத் தெரிந்தது. திருப்பதி அணியோடு ஆடப்போகும் ஆட்டத்துக்குப் பெயர் கொடுக்கும்போது உன் பெயரை விட்டுவிட்டார். நான் போய்க் கேட்டேன். நீ என் பின்னால் நின்றாய்.

"அவரு இப்ப மெட்ராஸ் ஸ்டேட்டு. மன ஜில்லா காது, நம்ம ஜில்லா இல்ல."

"அவன் துன்றது சித்தூர்ல, தூங்கறது சித்தூர்ல சார்."

"சொந்த ஊரு எது?"

"ஆடறது இங்கதானே சார்?"

"சொந்த ஊரு எதுன்னு கேட்டேன்."

அப்படியானால் நானும் ஆடவில்லை என்றேன். நீதான் சட்டையைப் பிடித்து இழுத்து வெளியே கொண்டுவந்தாய். "வுடுடா. நீயும் போவலன்னா பந்த யாரு புடிச்சிக்கினு இருப்பாங்க?" என்றாய். உனக்காகப் போனேன்.

உன் இடத்தில் காரியதரிசியின் மைத்துனர் மகன் வந்தான். அவன்மேல் எனக்குக் கோபமில்லை. தனியாக நிறுத்திப் பார்த்தால் உன்னைவிட நல்ல ஆட்டக்காரன்தான். ஊரெல்லாம் அதைத்தான் சொன்னது: இரண்டு கெட்டிக்காரர்கள் சேர்ந்துவிட்டார்கள், இனி சித்தூரை அசைக்க முடியாது என்று. தனித்தனியாக எடைபோட்டு இரண்டு பேரைச் சேர்த்தால் ஜோடி ஆகிவிடும் என்று நினைத்தவர்களுக்கு நான் என்ன சொல்ல?

திருப்பதியில் நல்ல கூட்டம். மைதானத்துச் சுண்ணாம்புக் கோடுவரை ஜனங்கள் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். நீ வருவாய் என்று எனக்குத் தெரியாது. ஊருக்குப் போயிருந்த நீ, புத்தூரில் ரயிலேறி ரேணிகுண்டாவில் மாறி, யாரிடமும் சொல்லாமல் வந்திருந்தாய்.

ஆட்டம் முடியப்போகிறது. ஒரு கூடை போட்டால் சமம். பந்து என் கையில். வலது பக்கம் போனேன். இரண்டு பேர் அடைத்தார்கள். புதியவன், "இங்க, இங்க!" என்று கத்திக்கொண்டு என் பக்கத்திலேயே ஓடிவந்தான். அவனைத் தடுக்க நின்றவனும் கூடவே வந்தான். இப்போது என்னைச் சுற்றி மூன்று பேர். திரும்பினேன். இடது மூலையில் நீ நின்றிருந்தாய், இரண்டு கையையும் நெஞ்சுக்கு நேராக வைத்துக்கொண்டு. போட்டேன். நீ பிடித்தாய்.

ஒரு கணம் எல்லாம் சரியாக இருந்தது. பிறகு கூட்டம் வெடித்துச் சிரித்தது. நீ கோட்டுக்கு அந்தப் பக்கம், வேர்க்கடலை விற்கிறவருக்குப் பக்கத்தில் நின்றிருந்தாய். விசில் ஊதிவிட்டார்கள். பந்து அவர்களுக்குப் போனது. தோற்றோம். காரியதரிசி எல்லார் முன்னாலும், "ஜனத்துக்குப் பந்து போட்ட மகராஜா" என்று எனக்குக் கும்பிடு போட்டார்.

பஸ் நிலையத்தில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாய்.

"இன்னாடா, எனக்குப் போட்டே?"

"நீ அங்க இருந்தே. போட்டேன்."

"நான் கோட்டுக்கு அந்தாண்ட நின்னுகினு இருந்தேன்டா."

"கோடு போட்டவனப் போய்க் கேளு. நீ ஏன்டா அங்க வந்து நின்னே?"

"நீ வலது பக்கம் போனா என் காலு தானா அங்க போவுது. நான் இன்னா பண்றது?"

வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். சிரிப்பு அடங்கிய பிறகு மெதுவாக, "ஆனா புடிச்சேன் பாத்தியா" என்றாய். பஸ் வந்துவிட்டது.

கொஞ்ச நாளில் உன் நைனா நோயில் படுத்துவிட்டார். நிலத்தைப் பார்க்க நீ ஊருக்கே போய்விட்டாய். நான் இன்னும் சில வருஷங்கள் ஆடினேன். நல்லவர்கள் பலர் பக்கத்தில் நின்றார்கள். மாட்டிக்கொள்ளும்போதெல்லாம் இடது மூலையைப் பார்ப்பேன். வெறும் மண் இருக்கும். ஒருநாள் காலணியைக் கழற்றி வைத்தேன், அப்புறம் போடவில்லை.

நீ இறந்த செய்தி எனக்கு ஒரு மாதம் கழித்து, மண்டி ஆள் ஒருவர் சொல்லித்தான் தெரிந்தது. பஸ் ஏறி உன் ஊருக்கு வந்தேன். உன் மகள் காபி கொடுத்தாள். உன்னோடு ஆடியவன் என்றேன்.

"பந்தா? நைனாவா? எங்ககிட்ட ஒரு வார்த்த சொன்னதில்லியே பெரியப்பா. நல்லா ஆடுவாரா?"

என்ன சொல்வது? நீ போட்ட கூடைகள் கொஞ்சம்தான். "அவன் இருந்தா நான் நல்லா ஆடுவேன்மா" என்றேன். அவள் மரியாதைக்குச் சிரித்தாள். புரியவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. திரும்பி வரும் பஸ்ஸில், உன் ஆட்டத்தைத் தெரிந்த கடைசி ஆள் நான்தான் என்பது உறைத்தது. உன்னோடு ஆடியவர்கள், எதிரே ஆடியவர்கள், மாஸ்டர், காரியதரிசி, ஒருவரும் இல்லை.

போன வாரம் பள்ளிக்கூட மைதானத்துக்குப் புது சிமெண்டுத் தரை போட்டு விழா வைத்தார்கள். மைக்கில் ஒரு தம்பி என்னை, "திருப்பதியில கூட்டத்துக்குப் பந்து போட்டாரே, அந்தப் பெரியவர் இவர்தான்" என்று காட்டினான். எல்லாரும் சிரித்தார்கள். வேடிக்கை மட்டும் அறுபது வருஷத்துக்கு மேல் உயிரோடு இருக்கிறது. பிடித்தவன் யார் என்று எவனுக்கும் தெரியாது. எழுந்து உன் பெயரைச் சொன்னேன். அதற்குள் மைக்கை எடுத்துக்கொண்டு அடுத்த ஆளிடம் போய்விட்டான்.

அதனால் செய்ய வேண்டியதை எழுதிவிடுகிறேன். கமிட்டியில் இப்போது இருப்பவர்கள், அடுத்த வருஷ ஆட்டம் தொடங்கும் முன், உன்னை நிறுத்தியது அநியாயம் என்று உன் பெயரும் ஊர்ப் பெயரும் சொல்லி அறிவிக்க வேண்டும். அந்த மைக் தம்பி வேடிக்கையைச் சொல்லட்டும், தடுக்கவில்லை. ஆனால் பந்தைப் பிடித்தவன் யார், அவன் ஏன் வெளியே நின்றான் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இப்போது பையன்களைப் பழக்குகிற மாஸ்டர், பந்தை வைத்திருப்பவனை முதலில் தேர்ந்தெடுத்துவிட்டு, அவனையே பார்த்துக்கொண்டிருக்கிற ஒருவனைத் தேடிப் பக்கத்தில் போட வேண்டும். அவன் ஒன்றும் கேட்காவிட்டால், அவனுக்கு ஒன்றும் வேண்டாம் என்று நினைத்துவிடக் கூடாது. உன் மகள் தன் பிள்ளைகளுக்கு, உங்கள் தாத்தா சித்தூருக்கு ஆடியவர் என்று சொல்ல வேண்டும். அவளுக்குப் புரியும்வரை சொல்ல நான் மறுபடி பஸ் ஏறி வருவேன், உடம்பு இடம் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும்.

எனக்கு இன்னொன்றும் இருக்கிறது. அந்தப் பந்து தவறிப் போனது என்று யார் சொன்னாலும், எந்தச் சபையில் சொன்னாலும், எழுந்து நின்று இல்லை என்று சொல்ல வேண்டும். யாருக்குப் போட்டேனோ, அவன் கைக்குத்தான் அது போனது.