சாக்ஸ் அனுப்ப வேண்டாம்

அன்புள்ள அம்மாவுக்கு, கோகிலவாணி எழுதுவது. வாளையாரில் எல்லோரும் சுகம்தானே? உங்கள் முட்டிவலி தேவலையா? காந்தலூர் டென்ட் கேம்ப்பில் நான் நன்றாக இருக்கிறேன். இங்கே சிக்னல் கிடைப்பதில்லை. அதனால் காய்கறி லாரிக்காரரிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன்.

நீங்கள் அனுப்பிய சாக்ஸ் நாலே நாளில் குதிகாலில் பொத்துவிட்டது. மலிவுதான், ஆனால் அது நைலான். விடியற்காலைப் பனியில் டென்ட் டென்டாக டீ கொண்டுபோகிற காலுக்குத் தாங்காது. இனி அனுப்ப வேண்டாம். எனக்குக் கெட்டியான கம்பளி சாக்ஸ் கிடைத்துவிட்டது.

விருந்தினர் விட்டுப்போகிற பொருளை ஆபீசில் கொடுத்துவிட வேண்டும் என்பது இங்கே சட்டம். என்னோடு வேலை பார்த்து என் அறையிலேயே தங்கியிருந்த எஸ்டேட் பெண் மாரீஸ்வரி, அப்படி யாரோ விட்டுப்போன கம்பளி சாக்ஸ் ஒரு ஜோடியை எடுத்துப் போட்டுக்கொண்டாள். மேனேஜர் கேட்டார், சொன்னேன். கேட்டால் உண்மையைச் சொல் என்றுதானே வளர்த்தீர்கள்? எல்லோர் முன்னாலும் அவளைக் கழற்ற வைத்தார்.

"ஒங் காலு வெறச்சுக் கெடந்தப்ப தேச்சு விட்டது நாந்தானேக்கா?" என்று என்னைக் கேட்டாள். வேலை போய், ரப்பர் செருப்போடு மலையிறங்கினாள்.

அறையில் இப்போது நான் மட்டும்தான். நம் பழைய ரேடியோவைக் கொடுத்தனுப்புங்கள், கரகரத்தாலும் பரவாயில்லை. கால் தேய்க்கத் தேங்காய் எண்ணெயும் வேண்டும்.

லாரி கிளம்புகிறது. கவலைப்படாதீர்கள். அவள் கழற்றியதுமே மேனேஜர் அந்த சாக்ஸை எனக்கே கொடுத்துவிட்டார். கையில் வாங்கும்போதே சூடாக இருந்தது.

உங்கள் மகள்,
கோகிலவாணி