பெடல் நடுங்கினால்

12 ஆகஸ்ட் 2024, திங்கள்

முட்டை விலை மறுபடி ஏறிவிட்டது. கடைக்காரர்கள் என்னைத் திட்டுகிறார்கள், நான்தான் முட்டையிடுகிறேன் என்பதுபோல.

மதியம் மழை. பேத்தமங்கலம் கோழிப்பண்ணையிலிருந்து முட்டை லோடு கொண்டுவந்த என் வீட்டுக்காரர் நோயல், புது வண்டியை கோரமண்டல் இறக்கத்தில் ஒரு பள்ளிக்கூட ஆட்டோவின் பின்னால் கொண்டுபோய் இடித்துவிட்டார். பிள்ளைகள் அப்போதுதான் இறங்கியிருந்தார்கள். அப்போதுதான்!

“அழுத்தினேன். பெடல் கடகடன்னு காலைத் தள்ளுச்சு. பிரேக் போச்சுன்னு எடுத்துட்டேன்.”

“முட்டை?” என்றேன்.

“ஆளு உசுரோட கீறானான்னு கேக்க மாட்டியாமே?” என்று உள்ளே போய்விட்டார்.

13 ஆகஸ்ட்

மெக்கானிக் ஆபிரகாம் வண்டியைப் பார்த்துவிட்டுச் சிரித்தான். “ஒண்ணும் கெடலக்கா. இது ஏ.பி.எஸ். சக்கரம் பூட்டிக்காம அதுவே விட்டு விட்டுப் புடிக்கும், அதான் நடுக்கம். அண்ணன் காலும் விட்டு விட்டுப் புடிக்குது. ரெண்டுத்துக்கும் சண்டை. ஃபியூஸைப் புடுங்கிட்டா நடுங்காது.”

நோயலுக்கு முகம் மலர்ந்தது. மாமனார் தங்கச் சுரங்கத்துக்குள் ஆட்களை இறக்கும் கேஜ் கூண்டுக்கு இன்ஜின் ஓட்டியவர். ‘உள்ள ஆளு கீது, ஒரேடியா புடிக்காதே, விட்டு விட்டுப் புடி’ என்று மகனுக்குச் சொல்லிச் சொல்லியே ஓட்டப் பழக்கினாராம். லாரி ஓட்டிய காலமெல்லாம் அந்தக் கால்தான் இவரைக் காப்பாற்றியது. அதைத் தப்பு என்று எப்படிச் சொல்வேன்?

ஷோரூமுக்குப் போன் போட்டேன். கன்னடத்தில் சொன்னான்: “பிடபேடி மேடம், ஒத்தி ஹிடீரி.” விடாதே, அழுத்திப் பிடி. விற்றவன் அப்படித்தான் சொல்வான். பிடுங்குகிறவன் பிடுங்கத்தான் சொல்வான். நான் யாரை நம்புவது?

14 ஆகஸ்ட்

வாடகை வண்டி. நோயல் புது வண்டிப் பக்கமே போகவில்லை.  

15 ஆகஸ்ட்

தட்டுக்கு ஒரு முட்டை உடைத்துப் பார்க்காமல் நான் லோடு எடுத்ததில்லை. வண்டியை மட்டும் வாய்ப்பேச்சில் முடிவு செய்வேனா?

ஆபிரகாமைக் கூட்டிக்கொண்டு சைனைடு மேட்டு அடிவாரத்துக்குப் போனேன். லைசன்ஸ் எனக்கும் இருக்கிறது. தங்கம் எடுத்த பிறகு கொட்டிய ஆலை மண், மழையில் ஈரமாக இருந்தது. தூரத்தில் காலி முட்டை அட்டைகளை அடுக்கி, அதுதான் ஆட்டோ என்று வைத்துக்கொண்டேன்.

முதலில் ஃபியூஸோடு நேராக ஓட்டி அழுத்தினேன். கால் உதறியது, பயந்தேன், ஆனாலும் விடவில்லை. நின்றது. பிடுங்கிவிட்டு ஓட்டினேன். சக்கரம் பூட்டி, மண்ணை வாரிக்கொண்டு, இன்னும் சீக்கிரம் நின்றது! “சொன்னேனில்லக்கா?” என்றான் ஆபிரகாம். எனக்கே குழம்பிவிட்டது.

அப்புறம் அழுத்திக்கொண்டே ஸ்டியரிங்கை ஒடித்துப் பார்த்தேன். ஃபியூஸ் இல்லாதபோது வண்டி என் பேச்சைக் கேட்கவில்லை. நேராகப் போய் அட்டைகளைச் சிதறடித்தது. ஃபியூஸோடு, நடுங்கிக்கொண்டே அட்டைகளைச் சுற்றிப் போனது.

ஆபிரகாம் சிரிக்கவில்லை. “ஃபியூஸை மாட்டிடுறேன்க்கா.”

டயரையும் பார்க்கச் சொன்னேன். பிரேக் சக்கரத்தைத்தான் பிடிக்கும், ரோட்டைப் பிடிப்பது டயர்தானே. இந்த மழைக்கு லோடும் குறைக்க வேண்டும். வயிறு எரிகிறது, இருந்தாலும்.

18 ஆகஸ்ட், ஞாயிறு

கோயிலில் ஆராதனை முடிந்ததும் நோயலை அதே இடத்துக்கு இழுத்துப் போனேன். “எனக்கே ஓட்டக் கத்துத் தர்றியா?” பெடல் நடுங்கியதும் அவர் கால் தானாக மேலே வருகிறது. மறுபடியும். மறுபடியும். ஒரு கட்டத்தில் பக்கத்திலிருந்து அவர் முழங்காலை இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்தேன்.

“விடுமே, வலிக்குது!”

“நீங்க விடாதீங்க, நான் விடறேன்.”

வெளியே நின்ற ஆபிரகாம் வானத்தைப் பார்த்தான்.

19 ஆகஸ்ட்

தனியாகப் போகிறேன் என்கிறார். காலுக்கு ஒரு நாளில் புத்தி வருமா? அனுப்பிவிட்டு வாசலுக்கும் கடைக்கும் நடக்கிறேன்.

வந்துவிட்டார். ஒன்றுமில்லை.

2 செப்டம்பர்

இன்றும் மழை. வண்டி தாமதமாக வந்தது. பின்கதவிலிருந்து மஞ்சள் கரு ஒழுகிக்கொண்டிருந்தது. முன்பக்கத்தில் ஒரு கீறல்கூட இல்லை.

“அதே இறக்கம். ஒருத்தன் பைக்கோட குறுக்கே வந்தான்” என்றார். “நடுங்குச்சு. நடுங்கட்டும்னு மிதிச்சுக்கினே ஒடிச்சேன். அவன் போயிட்டான், திரும்பிக்கூடப் பாக்கல.”

வலது கால் இன்னும் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. டீ போட்டுக் கொடுத்தேன். பாதி குடித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“இன்னாமே, முட்டைய கேக்கல?”

“குடிங்க, ஆறிடப் போவுது” என்றேன்.