கம்ப்யூட்டரை மறுபடி போடுங்கள், அப்பா

திருப்பூர்
12.10.2005

அன்புள்ள அப்பாவுக்கு முனீஸ் எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன். உங்கள் மூட்டுவலி எப்படி இருக்கிறது?

சுவர் சுவிட்சிலேயே கம்ப்யூட்டரை நிறுத்திவிட்டீர்கள் என்று போன மாதம் போனில் கத்தினேன். அன்றிலிருந்து நீங்கள் அதைத் தொடுவதே இல்லையாமே, தங்கச்சி வேல்விழி சொன்னாள். தப்பு என்னுடையது. நீங்கள் வாங்கித் தந்த அந்தப் பெட்டியில் படித்துத்தான் இங்கே சோறு தின்கிறேன்.

முந்தாநாள் ஆயுத பூஜைக்காகக் கம்பெனியைக் கழுவினோம். தண்ணீர் படுமே என்று நானே மெயினை இறக்கினேன். உள்ளே என் கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது. நாள் முழுக்க வரைந்த பனியன் டிசைன் போய்விட்டது. சூப்பர்வைசர் அங்கமுத்து அண்ணன் திட்டவில்லை. "போனாப் போகுது கண்ணு, மொதல்ல பொரியத் தின்னு. அப்பறம் போட்டுக்கலாம்" என்றார். நான் உங்களிடம் அப்படிப் பேசியிருக்க வேண்டும்.

ஸ்டார்ட்டை அழுத்தி டர்ன் ஆஃப் கொடுங்கள். பெட்டி தானாக அணைந்த பிறகு சுவிட்சை நிறுத்துங்கள். சாப்பிட எழுந்தால் அதே இடத்தில் ஸ்டாண்ட்பை கொடுத்தால் போதும், பெட்டி அணையாமல் தூங்கும். ஆன் செய்ததும் தானாகத் திறக்கும் பாட்டு புரோகிராமை வேல்விழி எடுத்துவிடட்டும், சீக்கிரம் தொடங்கும்.

ஞாயிறு காலை பத்து மணிக்குப் போன் செய்கிறேன். ரிசீவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆன் செய்யுங்கள். நம் வீட்டுப் பெட்டி தொடங்கும் சத்தத்தைக் கேட்க வேண்டும். அப்புறம் நீங்கள் பேசுங்கள்.

கம்பெனி வேன் ஹாரன் அடிக்கிறது.

முனீஸ்