ஆறுமுகம் அண்ணன் வீட்டு முன் கால்வாய்

3 அக்டோபர், வெள்ளி

காலையில் சுள்ளென்று வெயில். மூன்று மணிக்கு மேல் கொட்டு மழை. ஷா ஆலமில் ஆய்வகத்தை மூடிவிட்டுக் கிளம்பும்போதே நெரிசல். பாதி வழியில் லெட்சுமி அக்காவின் அழைப்பு.

"மாலதி, வந்துருச்சு."

அவ்வளவுதான். என்ன வந்தது என்று நானும் கேட்கவில்லை. வீட்டுக்குப் போகாமல் நேராக அங்கே போனேன். தாமான் குடியிருப்பின் கடைசி வரிசை, கடைசி வீடு, தரை தாழ்ந்த பக்கம். கூடத்தில் கணுக்கால் வரை தண்ணீர். சோபா செங்கல் மேல், அரிசி வாளி மேசை மேல். அக்காவின் கணவர் ஆறுமுகம் அண்ணன் சக்கர நாற்காலியில். சர்க்கரை நோயில் ஒரு கால் போய், இப்போது சிறுநீரகமும் போய், வாரத்துக்கு மூன்று முறை டயாலிசிஸ். லோரி ஓட்டிய மனிதர். என்னைப் பார்த்ததும்:

"வாங்க கவுன்சிலர். மத்தவங்களுக்கு ரெண்டு காலும் நனையும். எனக்கு ஒன்னுதான். பாதி லாபம்."

நான் சிரிக்கவில்லை. லெ. அக்கா வாளியால் அள்ளி வெளியே ஊற்றிக்கொண்டே இருந்தார். ஊற்றிய தண்ணீர் திரும்பி உள்ளே வந்தது.

மழைக்காலம் இன்னும் சரியாகத் தொடங்கவே இல்லை.

செய்ய: மாதத் தகவல் எழுத வேண்டும். சலவை இயந்திரம். காரின் சாலை வரி.

4 அக்டோபர், சனி

மாதத் தகவல், முதல் வரைவு. குடியிருப்பாளர் வாட்ஸ்அப் குழுவுக்கும் மண்டபத்து அறிவிப்புப் பலகைக்கும். தெருவிளக்கு, குப்பை லோரி வரும் நாள் மாற்றம், தீபாவளிக்குக் கூடாரம் போட அனுமதி, கொசு மருந்து. ஐந்தாவதாக, வெள்ளம். அந்த இடத்தில் நின்றுவிட்டேன்.

குடியிருப்பாளர் சங்கத் தலைவர் மணியம் அங்கிளின் அழைப்பு. ஓய்வு பெற்ற ரயில்வே கணக்கர். அவருக்கு எல்லாவற்றுக்கும் ஒரே காரணம், லோங்காங், அதாவது கால்வாய்.

"நகராண்மைக் கழகம் லோங்காங்கைச் சுத்தம் பண்ணல. அத எழுதுங்க."

"கழகத்துல நானும்தானே இருக்கேன் அங்கிள்?"

"அதான் சொல்றேன். எழுதுங்க லா."

எனக்கு ஓட்டுப் போட்டவர் யாரும் இல்லை, நான் நியமிக்கப்பட்டவள் என்பதையும் சொல்லி முடித்தார். மாதம் ஒரு முறையாவது சொல்வார்.

என் சந்தேகம் வேறு. தீபாவளிக்காகப் பலர் வீட்டு முன் கால்வாயை மூடி, மேலே பளபளவென்று ஓடு பதித்து, கார் நிறுத்த இடம் ஆக்கியிருக்கிறார்கள். அடைப்பு அந்த ஓடுகளுக்குக் கீழேதான் இருக்க வேண்டும். இடிக்கச் சொல்லி நோட்டீஸ் அனுப்பக் கை துறுதுறுக்கிறது. ஆனால் பார்க்காமல் எழுதக் கூடாது.

5 அக்டோபர், ஞாயிறு

தண்ணீர் எங்கே நிற்கிறது என்று பார்க்க வேண்டும். ஆய்வகத்தில் பச்சைச் சாயம் இருக்கிறது. அதை ஊற்றினால், நச்சுக் கழிவு என்று யாராவது காணொளி எடுத்து மதியத்துக்குள் மாநிலம் முழுக்க அனுப்பிவிடுவார்கள். ஆகவே மஞ்சள் தூள். மளிகைக் கடையில் பெரிய பொட்டலமாக வாங்கி, வாளியில் கரைத்து, முதல் வீட்டின் முன் கால்வாயில் ஊற்றினேன். குழாயையும் திறந்து விட்டேன்.

ஞாயிறு காலையில் கவுன்சிலர் மஞ்சள் தண்ணீர் வாளியோடு தெருவில். கேட்கவா வேண்டும். ஒவ்வொரு வாசலிலும் தலைகள்.

"திருஷ்டி கழிக்கிறாங்க போல."

"கழகத்துல இதுக்கெல்லாம் பட்ஜெட் இருக்கா?"

நடுவீட்டு அம்மா ஓடி வந்தார். "ஆன்டி, எங்க வாசல்லயும் கொஞ்சம் ஊத்துங்க. பையனுக்கு எஸ்.பி.எம். பரீட்சை வருது."

சோதனை என்று விளக்கினேன். "ஆமா ஆன்டி, சோதனைதான்" என்று அவர் பெருமூச்சு விட்டார். விட்டுவிட்டேன்.

முடிவு: புது ஓடுகளுக்குக் கீழே மஞ்சள் தாராளமாகப் போகிறது. வீட்டுக்கு வீடு இடைவெளியில் எட்டிப் பார்த்தேன், மஞ்சள், மஞ்சள், மஞ்சள். லெ. அக்காவின் பக்கத்து வீடு வரை ஓடி வந்து நின்றுவிட்டது. குளம் மாதிரி. அவர் வீட்டு முன் கால்வாய் மேல் உள்ள கான்கிரீட் மூடியைத் தாண்டிய பக்கம் ஒரு சொட்டு மஞ்சள் இல்லை.

என் சந்தேகம் தப்பு. நோட்டீஸ் அனுப்பாதது நல்லதாயிற்று.

அந்த மூடி தெருவே சேர்ந்து போட்டது. அண்ணனுக்குக் கால் எடுத்த பிறகு சக்கர நாற்காலி வெளியே வர வேண்டும் என்று மணியம் அங்கிள் தலைமையில் ஒரு கோத்தோங் ரோயோங், கூட்டுப்பணி. ஆளுக்கு ஒரு மூட்டை சிமெண்டு, பெண்கள் மீஹூன் பிரட்டிக் கொடுத்தார்களாம். நான் அப்போது இந்தப் பகுதிக்கு வரவில்லை. அதன் படம் மண்டபத்தில் சட்டம் போட்டுத் தொங்குகிறது.

கைப்பேசியைக் குச்சியில் கட்டி உள்ளே விட்டுப் படம் எடுத்தேன். ஈரக் கான்கிரீட்டைத் தாங்க அடியில் கட்டிய பலகைகளும் முட்டுக்கட்டைகளும் அப்படியே இருக்கின்றன. இரண்டு ஓரத்தையும் பூசி முடித்த பிறகு அவற்றை எடுக்க வழியில்லை. எடுக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவும் இல்லை. அதில்தான் எல்லாம் வந்து சிக்கியிருக்கிறது.

விரல் நகமெல்லாம் மஞ்சள். நாளை ஆய்வகத்தில் கேள்வி கேட்பார்கள்.

6 அக்டோபர், திங்கள்

மழை இல்லை. புழுக்கம். வேலை முடிந்து லெ. அக்கா வீடு. படத்தைக் காட்டினேன். நெடுநேரம் பார்த்தார். பிறகு தேநீர் கலக்கப் போய்விட்டார். அங்கிருந்தே:

"உடைக்கக் கூடாது, மாலதி."

"அடைப்பே அதுதான்கா."

"தண்ணி எப்பவாச்சும் வருது. டயாலிசிஸ் செவ்வாய், வியாழன், சனி. ஒரு நாள் விட்டா இவருக்கு மூச்சு வாங்குது. நீ உடைச்சிட்டுப் போயிருவ. கழகம் புதுசு போட எத்தன மாசம்? அதுவரைக்கும் இவரு பறந்தா போவாரு?"

கழகத்தைப் பற்றி அவருக்கு இருக்கும் சந்தேகம் எனக்கும் உண்டு. தேநீரில் சீனி அதிகம். குடித்தேன்.

வீடு திரும்பி யோசித்தது: உடைக்கும் அன்றே பாதை வேண்டும். மறுநாள் அல்ல, அன்றே.

8 அக்டோபர், புதன்

அரை நாள் விடுப்பு. கழகப் பொறியாளர் நோராவைப் பார்த்தேன். நல்ல பெண், வேலைப் பளு. மலாய் மொழியில்தான் பேச்சு. படத்தைப் பார்த்து நாக்கைச் சொடுக்கினார். தீபாவளி கழித்து வைத்துக்கொள்ளலாமே, உங்கள் ஆட்களே பண்டிகைக்கு முன் வாசலை உடைக்க விடமாட்டார்களே, என்றார். என் ஆட்களை எனக்கே சொல்லித் தருகிறார். தவறாகவும் சொல்லவில்லை.

சாலை தோண்டும்போது குழி மேல் போடும் தடித்த இரும்புத் தகடு கிடங்கில் சும்மா கிடக்கிறதா என்று கேட்டேன். கிடக்கிறதாம். நிரந்தரக் கம்பி மூடி வரும்வரை அதைப் போடலாமா? போடலாம். எப்போது? வீட்டுக்காரர் சம்மதித்தால் இந்த ஞாயிறு. இல்லையென்றால் தீபாவளிக்குப் பிறகுதான்.

"ஞாயிறு" என்றேன். சம்மதம் இன்னும் இல்லை என்பதைச் சொல்லவில்லை.

திரும்பும் வழியில் கிள்ளான் சாலை முழுக்கத் தீபாவளிக் கூட்டம். பிரிக்பீல்ட்ஸில் தைக்கக் கொடுத்த ரவிக்கை தயாராம். யார் போவது.

9 அக்டோபர், வியாழன்

மண்டபத்தில் மணியம் அங்கிள். தகவலின் ஐந்தாம் பத்தியைக் காட்டினேன். "குடியிருப்பாளர்கள் சேர்ந்து அமைத்த கான்கிரீட் மூடியின் அடியில் விடப்பட்ட பலகைகளால் கால்வாய் அடைபட்டுள்ளது. ஞாயிறன்று அது அகற்றப்படும்."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சுவரில் அந்தப் படம். மண்வெட்டியோடு நடுவில் அவரேதான், ஒல்லியாய், சிரித்துக்கொண்டு.

"நல்லதுதானே செஞ்சோம்."

"நல்லதுதான் அங்கிள்."

"அப்புறம் ஏன் அடைச்சது நாங்கன்னு ஊருக்கெல்லாம் சொல்றீங்க? அடைப்பு இருக்கு, எடுக்கிறோம்னு போட்டா பத்தாதா?"

"போன வாரம் வரைக்கும் எல்லாரும் ஓடு போட்ட வீடுங்களத்தான் சொல்லிட்டிருந்தாங்க. நானும்தான். எது அடைச்சதுன்னு சொல்லலேன்னா அவங்க மேல பழி நிக்கும். நாளைக்கு இன்னொரு வீட்டுக்கு இதே மாதிரி மூடி போடுவோம், இதே பலகைய விட்டுருவோம்."

"ஓட்டு வாங்கி வந்த ஆளு யாரும் இப்படி எழுத மாட்டான்."

"அதனாலதான் என்னால எழுத முடியுது."

சொன்ன பிறகு கொஞ்சம் கடுமையாகப் பட்டது. வார்த்தையைத் திரும்ப வாங்கவில்லை. அவர் குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மழையே இல்லை.

10 அக்டோபர், வெள்ளி

லெ. அக்கா இன்னும் இறங்கி வரவில்லை. தகட்டைப் பற்றிச் சொன்னேன். கேட்டுக்கொண்டே முறுக்கு பிழிந்தார். முடிவு சொன்னது அண்ணன்தான்.

"உடைங்க லா. ஹைவேகூட அந்த மணியம் போட்ட சிமெண்டு மாதிரி இருக்காது. உடையுதான்னு நானும் பாக்கணும்."

"உங்களுக்கு எல்லாம் வெளையாட்டு" என்றார் அக்கா. முறுக்கு அச்சைக் கீழே வைத்தார். என்னிடம்: "தகடு மொதல்ல என் வாசல்ல எறங்கணும். அதுக்கு அப்புறம்தான் சுத்தியல். தகடு வரலேன்னா செவ்வாக்கிழம நீதான் இவரத் தூக்கிட்டுப் போகணும்."

"தூக்குறேன்கா."

"ஒரு காலு போயும் எண்பது கிலோ இருக்கேன் மாலதி" என்றார் அண்ணன். "யோசிச்சு வாக்குக் குடு."

12 அக்டோபர், ஞாயிறு

மேகமூட்டம். குத்தகையாளரின் ஆட்கள் எட்டு மணிக்கே உடைக்கும் இயந்திரத்தோடு வந்தார்கள். தகடு வரவில்லை. வேறு லோரியில் வருகிறதாம். ஆரம்பிக்கலாம் என்றார் மேற்பார்வையாளர். கூடாது என்றேன். வந்துகொண்டே இருக்கிறது என்றார். வரட்டும் என்றேன். மூடியின் மேல் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டேன். வேறு என்ன செய்வது. ஆட்கள் மர நிழலில் சாய்ந்தார்கள். லெ. அக்கா எல்லாருக்கும் நாசி லெமாக் சோறு கொடுத்தார். எனக்கும். மூடியைச் சுற்றிப் பாதித் தெரு வேடிக்கை பார்த்தது.

"கவுன்சிலர் மறியல் பண்றாங்க."

"யார எதிர்த்து?"

"கழகத்தத்தான்."

"அவங்களே கழகம் லா!"

பதினொன்றுக்கு மேல் தகடு வந்து இறங்கியது. அக்கா குனிந்து தட்டிப் பார்த்தார், தேங்காயைத் தட்டுவது போல. தலையசைத்தார்.

பிறகு சத்தம். உடைய நேரம் பிடித்தது. அண்ணன் உள்ளிருந்து, "சொன்னேன்ல!" கான்கிரீட் துண்டுகள் போன பிறகு கறுப்பாய், வழவழவென்று பலகைகள். இடுக்கில் செருப்பு, பந்து, தேங்காய் மூடிகள், எத்தனையோ பிளாஸ்டிக் பை. நாற்றம்.

அப்போது மணியம் அங்கிள். படத்தில் இருக்கும் அதே சட்டை, முதுகில் கோத்தோங் ரோயோங் என்று அச்சடித்தது. இப்போது தொந்தியில் பிடிக்கிறது. ரப்பர் பூட்ஸ். கால்வாயில் இறங்கி ஒரு பலகையைப் பிடித்து இழுத்தார். வரவில்லை. இளைஞர்கள் இரண்டு பேர் குதித்தார்கள். வந்தது. தேங்கியிருந்த தண்ணீர் ஒரே மூச்சில் போனது.

மேலே ஏறிக் கை கழுவும்போது என்னைப் பார்க்காமல் சொன்னார்:

"அன்னிக்கி நோட்டீஸ்ல என் தலைமையில்னு போட்டோம். இதுலயும் போடுங்க. மூடி போட்டதும் நான், எடுத்ததும் நான்."

தகடு போட்டு, நாற்காலியை உருட்டிப் பார்த்தோம். ஆடவில்லை. அண்ணன் தெருவுக்கு வந்து ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் உள்ளே போனார்.

இரவு மாதத் தகவலை அனுப்பினேன். அவர் கேட்டபடியே. மூன்று பேர் கட்டை விரல் போட்டார்கள். ஒருவர், "தெருவிளக்கு என்னாச்சு?"

14 அக்டோபர், செவ்வாய்

டயாலிசிஸ் வேன் வந்து போனது. தகடு தாங்கியது. அக்காவிடமிருந்து செய்தி: "போயிட்டு வந்துட்டோம்." அவ்வளவுதான்.

கம்பி மூடிக்கு நோராவுக்கு நினைவூட்டல் அனுப்பியாயிற்று. இனி வாரா வாரம் அனுப்புவேன். சலவை இயந்திரம் இன்னும் அப்படியே.

ஐந்து மணிக்கு மழை. வெள்ளம் வந்த அந்த வெள்ளிக்கிழமையைவிடக் கனம். ஆய்வகச் சன்னலில் எதிர்க் கட்டடம் தெரியவில்லை. கைப்பேசியை மேசையில் நேராக வைத்தேன். திருப்பி வைத்தேன். அறிக்கை ஒன்றை இரண்டு முறை படித்தும் ஏறவில்லை.

அடித்தது. லெட்சுமி அக்கா.

"வந்துருச்சாக்கா?"

மழை இரைச்சல் மட்டும். அதற்குள்ளே இன்னொரு சத்தம், வேகமாக, ஆழத்தில், தகட்டுக்குக் கீழே.

"கேக்குதா?" என்றார். கைப்பேசியைக் கீழே பிடித்திருந்தார் போல. "போவுது மாலதி. போயிட்டே இருக்கு."