ஓட்டுநர் இல்லாத ரயில்

4 ஆகஸ்ட் 1999, ஜார்ஜ் டவுன், பினாங்கு

மகள் அருந்ததி மறுபடியும் அழைத்தாள். இந்த வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு, கோலாலம்பூருக்கு வந்து தன்னோடு இருக்கச் சொல்கிறாள். மனைவி கனகேஸ்வரி எப்போதோ தயார். நான்தான் சாக்குச் சொல்கிறேன்: அங்கே எங்கே போவதென்றாலும் அந்தப் புதிய ரயில், அதில் ஓட்டுநரே இல்லை.

"கம்ப்யூட்டர் ஓட்டுது லா, அப்பா. ஒருக்கா ஏறிப் பாருங்கோ. பிறகு முடிவு சொல்லுங்கோ."

சரி என்றுவிட்டேன். ஏன் சொன்னேன்?

5 ஆகஸ்ட்

பக்கத்து வீட்டு முத்துவீரப்பனுக்கும் செய்தி எட்டிவிட்டது. "என்னண்ணே, ஸ்டேஷன் மாஸ்டரா இருந்துட்டு ரயிலுக்குப் பயப்படுறீங்களே!"

ரயிலுக்குப் பயமில்லை. ஆளில்லாத ரயிலுக்குத்தான்.

14 ஆகஸ்ட், கோலாலம்பூர்

காலையில் அருந்ததி எங்களைக் காரில் கோயிலில் இறக்கிவிட்டாள். திரும்பும்போது ரயில். பசார் செனி நிலையத்தில் வண்டி அலுங்காமல் வந்து நின்றது. பழைய வழக்கப்படி கனகேஸ்வரியை முதலில் ஏற்றினேன். பிறகு நடைமேடையின் இரு பக்கமும் பார்த்தேன் – கார்டு கொடி காட்டிவிட்டாரா என்று. கார்டு ஏது! கதவு மூடிக்கொண்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் ஏதோ சொன்னாள். வண்டி போய்விட்டது.

ஐயோ, என்ன வேலை செய்துபோட்டன்! எங்கே இறங்குவதென்று அவளுக்குத் தெரியாதே. யாரிடம் சொல்வது? நிறுத்தச் சொல்லவும் ஆளில்லை.

அடுத்த வண்டியில் ஒன்றையும் பார்க்காமல் ஏறினேன். முன்கண்ணாடியோடு ஒட்டி நின்று தண்டவாளத்தையே பார்த்தபடி வந்தேன். பயப்பட நேரமிருக்கவில்லை.

அடுத்த நிலையம் பங்சார். அங்கே கனகேஸ்வரி, கூட இறங்கிய ஒரு மலாய்ப் பெண்ணோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பெயர் ரோஹானாவாம். இருவரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள்.

"வந்திட்டியளே? பினாங்குக்குத் திரும்பிப் போட்டியள் எண்டெல்லோ நினைச்சன்."

"நீ பயப்படேல்லையோ?"

"கதவு மூடேக்க உங்கட முகத்தைப் பாத்துத்தான் பயந்தன்."

15 ஆகஸ்ட்

இன்றும் ஏறினோம். முன்கண்ணாடி இடத்தை அவள் எனக்குத் தரவில்லை.

2 செப்டம்பர், ஜார்ஜ் டவுன்

முத்துவீரப்பன் ஒரு தம்பதியை வீடு பார்க்க அழைத்து வந்தார். மழை பெய்தால் பின்னறை ஒழுகும் என்று நானே சொன்னேன். அவர்கள் போனதும் கனகேஸ்வரி பிடித்துக்கொண்டாள். "அவையள் வேண்டாமெண்டு சொல்லட்டும் எண்டுதானே சொன்னனியள்?"

இல்லை. நேர்மைக்காகத்தான் – இல்லையா?

மாலையில் முத்துவீரப்பன் வேலியோரம் வந்தார். "அண்ணே, அவங்களுக்கு வீடு பிடிச்சிருக்காம். ஒழுகுனா சட்டி வெச்சுக்குவாங்களாம் லா."

சட்டி எதற்கு? கூரை வேலைக்காரரை நாளைக்கே வரச் சொல்லியிருக்கிறேன்.