தோற்றால் பரிமாறத் தட்டில்லை

அன்புள்ள வாப்பாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? உம்மா கண்ணுக்கு ஒழுங்காக மருந்து விடுகிறாரா? நான் நலம்.

அடுத்த மாதம் இங்கே எங்கள் ஊர் மல்வேர்ன் அணிக்கும் பக்கத்து ஊர் பிக்கரிங் அணிக்கும் ரக்பி. நீங்கள் கண்டியில் பார்க்கும் பதினைந்து பேர் ஆட்டம் அல்ல, பதின்மூன்று பேர் ஆடும் 'லீக்' வகை. பகை மட்டும் அதே அளவு. தோற்ற அணியின் ரசிகர்கள் சோறாக்கி, வென்ற அணியின் ரசிகர்களைச் சஹன் என்ற பெரிய தட்டுகளைச் சுற்றி உட்காரவைத்துப் பரிமாற வேண்டும். மூன்று வருடமாக நாங்கள்தான் பரிமாறுகிறோம்.

போன வெள்ளி ஜும்ஆத் தொழுகை முடிந்து வரும்போது பிக்கரிங் ரசிகர் நௌஸாத் நானா எல்லோர் முன்னாலும் கேட்டார்: "தங்கச்சி, சஹனெல்லாம் கழுவி வெச்சிட்டீங்களா?"

"கழுவிட்டன் நானா. கொண்டுவந்து தாறன்."

மறுநாளே எங்களிடமிருந்த பெரிய தட்டுகள் அத்தனையையும் பஸ்ஸில் தூக்கிப்போய் அவர் வாசலில் வைத்தேன். "இந்த முறை உங்களுக்குத்தான் தேவைப்படும்" என்றேன். திரும்பும்போது படியில் வழுக்கிக் கை சற்றுச் சுளுக்கியது. உம்மாவிடம் சொல்ல வேண்டாம். இனித் தோற்றால் பரிமாற எங்களிடம் ஒரு தட்டும் இல்லை. ஆகவே தோற்க மாட்டோம்.

ஒரு சின்ன உதவி. மைதானத்தில் நீங்கள் போடும் கூச்சலை ஃபோனில் பதிந்து அனுப்புங்கள். எங்கள் ஆட்களில் பாதிப் பேருக்கு அன்று ஷிப்ட். என் பக்கத்தில் நின்று கத்த ஆளில்லை.

பஸ் வந்துவிட்டது. துஆச் செய்யுங்கள். கூச்சலைக் குறைத்துப் போடாதீர்கள் வாப்பா, பிக்கரிங் பக்கத்துக்கும் கேட்க வேண்டும்.

உங்கள் மகள்,
பஸ்மினா