ஊசி அசையாது என்று ஒரு தந்தி

சேசு மரி சூசை துணை

புத்தூர், திருச்சி
12-11-1978

அன்பு மகள் பேட்ரிசியாவுக்கு அம்மா ஆசை முத்தங்களுடன் எழுதுவது. பம்பாயில் நீ சுகமாக இருக்க மாதாவை மன்றாடுகிறேன். இங்கே எல்லோரும் சுகம் என்று வழக்கம்போல எழுத உட்கார்ந்தேன், கை வரவில்லையடி. அப்பா தொடை எலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். உயிருக்கு ஒன்றுமில்லை, பதறாதே. எல்லாம் அந்தத் திருவெள்ளறை ஊசிக் குடிசையால் வந்தது. பூமியின் காந்தம் பகலுக்குள் எவ்வளவு நகர்கிறது என்று காந்த ஊசியைத் தொங்கவிட்டுப் பார்க்க, ஒரு ஆணிகூட அடிக்காமல் மூங்கிலும் கயிறுமாகக் கட்டி வைத்திருக்கிறாரே, அதேதான். சைக்கிள் கிட்டே வந்தால் ஊசி கலங்கும் என்று ரோட்டிலேயே நிறுத்திவிட்டு, கொட்டுகிற மழையில் வரப்பில் நடந்து சறுக்கி விழுந்திருக்கிறார். வயல்காரர் அழகர்சாமிதான் மாட்டு வண்டியில் தூக்கிப்போட்டுக் கொண்டுவந்தார், அவர் நல்லா இருக்க வேண்டும்.

டாக்டர் தர்மராஜ் தொடைக்குள் இரும்புக் கம்பி வைத்தால் பழையபடி நடக்கலாம் என்கிறார், வருகிற சனிக்கிழமையைத் தாண்டினால் கால் கோணிப்போகுமாம். உன் அப்பா கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறார்! நானே இரும்பா ஆயிட்டா அந்தக் கதவைத் தாண்ட முடியுமா சகாயம் என்று கேட்கிறார். கால் இல்லாம எப்படிங்க போவீங்க என்றால், அழகர்சாமி தூக்கிட்டுப் போவான் என்கிறார். இந்த மனுஷரோடு நான் என்ன செய்வேன் சொல்லு. அழுதேன், சண்டை போட்டேன், சாமியாரைக்கூட அழைத்துவந்து சொல்லச் சொன்னேன், சுவரோடு பேசியதுதான் மிச்சம்.

கடைசியில் டாக்டரிடம் கெஞ்சி அதே மாதிரிக் கம்பி ஒன்றை வாங்கிக்கொண்டு நானே திருவெள்ளறைக்கு பஸ் ஏறினேன். கொண்டை ஊசி, குடை, சாவிக்கொத்து எல்லாவற்றையும் அழகர்சாமி சம்சாரம் மயிலம்மாளிடம் கொடுத்துவிட்டு அந்தக் கம்பியோடு மட்டும் உள்ளே போனேன். ஊசியில் ஒட்டிய கண்ணாடித் துண்டிலிருந்து சுவரில் விழுமே வெளிச்சப் புள்ளி, அது ஒரேயடியாக ஓடியது. மடச்சி, வந்து அப்படியே அவரிடம் சொல்லிவிட்டேன். பார்த்தியா என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். வீட்டுக்கு வந்து குளிக்கப் போகும்போது பார்க்கிறேன், தாலிச் சங்கிலியில் இரண்டு ஊக்கு தொங்குகிறது! தலையில் அடித்துக்கொண்டேன். எந்தப் பொம்பளைக்கு அது ஞாபகம் இருக்கும், சொல்லு.

மறுநாள் ஊக்கைக் கழற்றி வைத்துவிட்டுத் திரும்பப் போனேன். உன்னிடம் மறைக்க மாட்டேன் கண்ணு, அப்போதும் அசைந்தது. கொஞ்சம்தான். காலையில் கிழக்கே போய் மத்தியானம் மேற்கே திரும்புமே, அந்த நகர்வாக இருக்குமோ என்று ஆசையாசையாகப் பார்த்தேன். கம்பியை வெளியே கொண்டுபோனால் திரும்பி வருகிறது, உள்ளே கொண்டுவந்தால் நகர்கிறது. அவர் இத்தனை வருஷம் அளந்ததும் அந்தக் கொஞ்சத்தைத்தானே. பேசாமல் ஆஸ்பத்திரிக்குப் போய், நேற்று ஓடியது ஊக்கினால்தான், இன்றைக்கு அசையவே இல்லை என்று சொன்னேன். அவர் என் முகத்தையே பார்த்துவிட்டு, ஒனக்குப் பொய் சொல்ல வராது, பேட்ரிசியா சொன்னா நம்புறேன் என்றார்.

நீயும் அங்கே அதே காந்தம் அளக்கிற வேலை பார்க்கிறவள். அப்பாவிடம் தப்பான அளவு சொல்லத் துணிய மாட்டாய் என்று எனக்குத் தெரியும். இந்த ஒரு தடவை சொல்லிவிடு தாயே, உன் காலில் விழுகிறேன். பாவம் என்றால் அது என்னோடு போகட்டும், நான் சாமியாரிடம் சொல்லிக்கொள்கிறேன். ஒருநாள் அவர் அந்தக் கதவுக்குள் போய்ப் புள்ளி ஓடுவதைப் பார்ப்பார். என்னைத் திட்டட்டும், உன்னோடு பேசாமல்கூட இருக்கட்டும். நடந்து போய்த்தானே பார்ப்பார்.

வேளைக்குச் சாப்பிடு. கர்த்தர் உன்னைக் கைவிட மாட்டார். கடிதம் கண்டதும் ஆஸ்பத்திரி விலாசத்துக்கே தந்தி அடி, ஊசி அசையாது என்று மட்டும் போட்டால் போதும். இதைக் கிழித்துப் போட்டுவிடு.

உன் அம்மா,
இ. சகாயம்மாள்